பூசைக்குப் பிந்திய பிரஷர் மேஜை

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது, எங்களுக்குத் தெரிந்தவரை பெங்களூர் மர்பி டவுனில் ஒருவருக்கும் கொரோனா கிடையாது. ஆனால் சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது. டிபி மருந்தைப் பாதி வழியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் டயாலிசிஸுக்குத் தேதி குறித்து வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். புது நோய் தெருவுக்குள் வருவதற்கு முன்பே பழைய நோய்களுக்கான வழி எல்லாம் அடைபட்டுப் போனது. பெருந்தொற்றுக் காலத்தில் தன்னார்வலர் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். வந்த நோயோடு மல்லுக்கட்ட டாக்டர்கள் இருக்கிறார்கள். அது வந்ததால் நின்றுபோன காரியங்களைத் திரும்ப ஓடவைக்கத்தான் ஆள் இல்லை.

நான் வார்டில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். முட்டி வலி வந்து ராத்திரி டியூட்டியை விட்ட பிறகு, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் வாசலில் ஒரு மேஜை போட்டு பிரஷரும் சுகரும் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். பூசைக்கு வந்தவர்கள் மட்டும் இல்லை, பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு வரும் அக்காக்களும் வரிசையில் நிற்பார்கள். "சிஸ்டர், போன வாட்டி எவ்ளோ இருந்துச்சு, இப்ப எவ்ளோ?" என்று கேட்டு, குறைந்திருந்தால் சிரிப்பு, ஏறியிருந்தால் மருமகள் மேல் பழி. ஊரடங்கில் கோயில் கதவு பூட்டியது, மேஜையும் போனது.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மர்பி டவுன், அல்சூர் ஏரிக்குக் கிழக்கே ஓல்ட் மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய பழைய குடியிருப்பு. முதலில் நாக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி பெயரில் நாக்ஸ்பேட்டை. பிறகு அதை வடிவமைத்த இன்ஜினியர் மர்பியின் பெயர் நிலைத்துவிட்டது. கண்டோன்மென்ட் வீடுகளில் சமையலுக்கும் தோட்டத்துக்கும் துப்புரவுக்கும் வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே பாதிப் பேர். சின்ன வீடுகள், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். 'தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று டிவியில் சொன்னபோது, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் யாரை எங்கே தனிமைப்படுத்துவது என்று அந்த டிவிக்குத் தெரியவில்லை.

கொள்ளைநோய் பெங்களூருக்குப் புதுசு இல்லை. 1898 ஆகஸ்டில் ஹூப்ளி ரயில் வழியாக பிளேக் வந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் காற்றும் வெளிச்சமும் படும்படி தெரு அகலமாக வேண்டும், சாக்கடை ஒழுங்காக ஓட வேண்டும் என்று புதுப் பேட்டைகளைக் கட்டினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரேசர் டவுன் 1910-ல் திறந்தது அந்தக் கணக்கில்தான். நகரத்தில் அங்கங்கே இருக்கும் பிளேக்கம்மா கோயில்களும் அந்தக் காலத்துப் பயத்தின் மிச்சம். நம் கோயில்களில் அம்பு தைத்து நிற்கும் செபஸ்தியாரும் கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனிதர்தான். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் இருக்கும் எபிடெமிக் டிசீசஸ் ஆஸ்பத்திரியை எங்கள் பெரியவர்கள் இன்றும் 'ஐசொலேஷன்' என்றுதான் சொல்வார்கள். தொண்டை அடைப்பானுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், முதல் வாரத்தில் இந்தப் பழைய கதைகள்தான் ஜனங்களுக்குத் தெம்பு கொடுத்தன. 'எங்க பாட்டி பிளேக்குல ஊரை விட்டு வெளியே குடிசை போட்டு இருந்தாங்களாம்' என்று ஒரு பெரியவர் சொன்னது, மந்திரிகள் சொன்ன எதையும் விட நன்றாக வேலை செய்தது.

மேஜை போன பிறகு கையில் மிச்சம் இருந்தது ஒரு நோட்டு. யார் யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று வாராவாரம் எழுதி வைத்த நோட்டு. இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை, பிரஷர் கருவி வாங்குவதற்கு முன்னால் நோட்டு வாங்குங்கள். மாத்திரையின் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள், மருந்தின் பெயரை எழுதுங்கள். ஆம்லோடிபின், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று. ஊரடங்கில் ஒரு கம்பெனி சரக்கு வரவில்லை, இன்னொரு கம்பெனியுடையது இருந்தது. பெயர் வேறாக இருக்கிறது என்று கடைக்காரரிடமிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று எழுதிக் கொடுத்தால் போதும், ஜன் ஔஷதி கடையில் இன்னும் மலிவாகவே கிடைக்கும். இன்னொன்று, அட்டையை வெட்டும்போது மருந்துப் பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கடைசிவரை வெட்டக்கூடாது. இதை நான் சொல்லாத வீடு இல்லை. கேட்ட வீடு குறைவு.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு நிறைய. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தவர்களுக்கு, அந்தப் பக்கத்து வீட்டுக்குள் போக முடியாத நாட்கள் வந்தன. பெரிய மண் சட்டிக்குள் சின்ன மண் சட்டியை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, மேலே ஈரத்துணி மூடி வைத்தால் பெங்களூர் வெயிலுக்கு அது தாங்கும். திறந்த குப்பி ஒரு மாதம்வரை சாதாரண அறை வெப்பத்திலேயே இருக்கலாம், வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். குப்பி திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

அப்புறம் போன். நேரில் போக முடியாத வாரங்களில் நோட்டில் இருந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பித்தேன். தினமும் அதே நேரத்தில் கூப்பிடுவது முக்கியம். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு அந்த மணி அடிப்பதே ஒரு மருந்து. 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால் 'இருக்கேம்மா' என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. "ஆயா, காலைல என்ன சாப்ட்டீங்க, எங்க வாங்கினீங்க, யாரு கொண்டாந்தாங்க?" என்று நீட்டிக் கேட்க வேண்டும். பதில் சொல்லும்போது வாக்கியம் நடுவில் உடைகிறதா, மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்துகிறார்களா என்று காது கொடுக்க வேண்டும். நல்ல மூச்சு இருக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரி மேல் புகார் சொல்லும்போது நிறுத்தவே மாட்டார். எங்கள் ஆயா ஒருவர் ஒரு நாள் புகாரை நடுவில் விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் பேரனை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்ததில் காய்ச்சல் இருந்தது. கொரோனா இல்லை, நிமோனியா. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தார்.

விசுவாசத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2020-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. பிறந்ததிலிருந்து சிலுவைப்பாதைக்குப் போகாத பெரிய வெள்ளி எனக்குக் கிடையாது. அந்த வருடம் செல்போனை டம்ளர் மேல் சாய்த்து வைத்துப் பூசை பார்த்தோம். நன்மை (நற்கருணை) வாங்க முடியவில்லை. சாமியார் 'மனசாலே வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார். சொல்லச் சுலபம். திருச்சபையின் படிப்பினையில் அதற்கு இடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாக்கில் படாத நன்மைக்கு என் மனசு பழக வெகு நாள் ஆயிற்று. அதற்கு முன் மார்ச் 27-ஆம் தேதி மழையில், வத்திக்கானில் ஆள் இல்லாத ராயப்பர் சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நடந்து வந்து ஆசீர் கொடுத்ததை டிவியில் பார்த்தேன். 1522-ல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போன மரச்சிலுவையை அன்று அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். கூட்டம் சேர்ந்து தூக்கிய சிலுவை, கூட்டம் சேரக் கூடாது என்கிற நாளில் தனியாக மழையில் நனைந்தது. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். சாமி கும்பிடுகிற இடம் மாறலாம், முறை மாறலாம், பக்கத்து மனிதனைக் காப்பாற்றுவதற்காக மாறினால் அது குற்றம் ஆகாது.

இந்த இடத்தில் எங்கள் ஜனங்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. வாட்ஸ்அப்பில் 91-ஆம் திருப்பாடல் சுற்றிச் சுற்றி வந்தது. கொள்ளைநோய் உன்னை அணுகாது என்ற பொருளில் வரும் பாடல் அது. அதைச் சொன்னால் மாஸ்க் வேண்டாம் என்று ஒரு அண்ணன் வாதாடினார். அவரிடம் வேதாகமத்தை எடுத்து மத்தேயு நற்செய்தியின் நாலாம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னேன். கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொல்வது சாத்தான். அவன் மேற்கோள் காட்டுவது இதே 91-ஆம் பாடலை. இயேசு குதிக்கவில்லை. "அப்ப நம்பிக்கை வேணாமா சிஸ்டர்?" என்றார். "நம்பிக்கை வேணும்ணா. அத வெச்சுக்கிட்டு மாடியில இருந்து குதிக்க வேணாம்" என்றேன். மாஸ்க் போட ஆரம்பித்தார். மூக்குக்குக் கீழேதான், ஆனாலும் ஆரம்பித்தார்.

இந்தக் கேள்வி நம் மதத்துக்கு மட்டும் வந்தது இல்லை. 2021 மே மாதம் கோயம்புத்தூரில் கொரோனா தேவிக்கே சிலை வைத்துப் பூசை செய்தார்கள். பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளேக் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஊர், புது நோய்க்கும் ஒரு முகம் கொடுத்துப் பேசிப் பார்க்கிறது. அதில் என்ன தப்பு? கூழ் ஊற்றிவிட்டு ஊசியும் போட்டுக்கொண்டால் சரி.

இரண்டாம் அலையைப் பற்றி நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். 2021 ஏப்ரல், மே. ஏப்ரல் 27-ஆம் தேதி கர்நாடகத்தில் மறுபடி எல்லாம் மூடியது. இந்த முறை நோய் எங்கள் தெருவுக்குள்ளேயே இருந்தது. ஆக்சிஜன் பார்க்கிற கருவி ஒன்று எப்படியோ கிடைத்தது, அதைத் துடைத்துத் துடைத்து வீடு வீடாக எடுத்துப் போனோம்.

அந்தக் கருவியைப் பற்றி நான்கு விஷயம் சொல்ல வேண்டும், இன்றும் பலர் வீட்டில் அது அலமாரியில் கிடக்கிறது. கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள். மருதாணியும் நகச் சாயமும் இல்லாத விரலாகப் பாருங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணை நம்பாதீர்கள், ஒரு நிமிடம் அசையாமல் இருந்து நிலைத்த எண்ணை எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுகிறவரை வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கவிட்டுத் திரும்பப் பாருங்கள், 92, 93-க்கு இறங்கினால் நிலைமை சரியில்லை. இதோடு இன்னொன்றும் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையான அளவை விடக் கூடுதலாகக் காட்டிவிடும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. வெள்ளைக்காரர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விகிதத்தில் கறுப்பினத்தவர்களுக்கு ஆக்சிஜன் குறைவைக் கருவி கோட்டை விட்டிருந்தது. மர்பி டவுனில் யார் நிறம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எண் 94 என்று காட்டினாலும், ஆள் பேச முடியாமல் திணறினால் ஆளை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

படுக்கை கிடைக்கும்வரை குப்புறப் படுக்க வைத்தோம். வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி. பலருக்கு எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். அது ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஈடு இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை நேரம் வாங்கிக் கொடுத்தது.

அப்போது ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்குவது தனிப் படிப்பு. பரிசோதனைக்குக் கொடுத்தவுடன் ஒரு எஸ்.ஆர்.எஃப். எண் வரும். பாசிட்டிவ் என்று முடிவு ஏறினால்தான் பி.யு. எண் வரும். பி.யு. எண் இல்லாமல் அரசு ஒதுக்கீட்டுப் படுக்கை கிடையாது. முடிவு வருவதற்கே நாட்கள் ஆகும், அதற்குள் மூச்சு நின்றுவிடும். கரண்ட் போனால் கூப்பிடுகிற பெஸ்காம் எண் 1912, அந்த நாட்களில் படுக்கைக்கும் அதுதான். இதில் நான் கற்றது, வரிசையில் நோயாளியோடு நிற்க ஒருவர், போன் பிடித்துக்கொள்ள வேறொருவர் என்று ஆளைப் பிரிக்க வேண்டும். ஆதார் எண், வயது, ஆக்சிஜன் அளவு, வேறு என்ன வியாதி, எஸ்.ஆர்.எஃப். எண் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு போனிலும் முதலிலிருந்து அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தால், அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். எங்கள் தெருவில் போன் வேலையை காலேஜ் படிக்கிற பிள்ளைகள்தான் பார்த்தார்கள். கன்னடம், ஆங்கிலம் இரண்டும் தெரிந்த பிள்ளைகள், பொறுமை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்டீராய்டு விஷயம் என்னை அதிகம் பயமுறுத்தியது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனை டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்று காட்டியது உண்மை. ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளிக்கு மட்டும்தான் அந்த நன்மை, தேவைப்படாதவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்த இரண்டாம் பாதி வாட்ஸ்அப்பில் வரவே இல்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே யாரோ அனுப்பிய சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிட்ட சுகர் நோயாளிகளைப் பார்த்தேன். சுகர் நானூறைத் தாண்டியது. மே மாதத்தில், இப்படிச் சுகர் ஏறியவர்களைப் பிடிக்கும் கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் பேச ஆரம்பித்தபோதுதான் ஜனங்களுக்கு உறைத்தது. அதனால் அன்று முதல் சொல்கிறேன், மருந்துச் சீட்டில் கையெழுத்தும் தேதியும் உங்கள் பெயரும் இல்லை என்றால் அது உங்களுக்கான சீட்டு இல்லை.

சாவைப் பற்றியும் பேச வேண்டும். முந்தின வருடம், 2020 ஏப்ரலில், சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தபோது அவர் உடலைப் புதைக்க விடாமல் கும்பல் கல்லால் அடித்தது. கடைசியில் கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவரே இருந்து ராத்திரியோடு ராத்திரியாக அடக்கம் செய்தார். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் சண்டை. 'நம்ம ஊர்ல அப்படி நடக்காது' என்று ஒரு கூட்டம், 'நடந்தா என்ன பண்றது' என்று ஒரு கூட்டம். அப்புறம் அந்த மாதமே தமிழ்நாடு அரசு அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறை என்று அவசரச் சட்டம் கொண்டு வந்தது.

நான் அந்த நாட்களில் செய்த மிக உபயோகமான காரியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு காகிதத்தைத் தமிழில் எழுதிக் கோயில் கேட்டிலும் ரேஷன் கடைப் பக்கத்திலும் ஒட்டியதைச் சொல்வேன். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே இருந்தது. உடலைத் தொடாமல் செய்கிற சடங்குக்குத் தடை இல்லை, வேதம் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம், பையைத் திறந்து தூரத்தில் இருந்து ஒரு முறை முகம் பார்க்கலாம். சாம்பலால் ஆபத்து இல்லை. இது தெரியாமல் பல வீடுகள் ஒன்றுமே செய்யாமல் அனுப்பிவிட்டு, பிறகு பல மாதம் அதையே நினைத்து மாய்ந்தன. எங்கள் ஆட்களுக்கு இன்னொரு தயக்கம், கல்பள்ளி சுடுகாட்டில் எரித்தால் பாவமா என்று. 1963-லிருந்தே திருச்சபை தகனத்தை அனுமதிக்கிறது. சாம்பலை வீட்டில் வைக்காமல், ஆற்றில் கரைக்காமல், கல்லறையில் வைக்க வேண்டும் என்பதுதான் விதி. சாமியார் இதை மைக்கில் ஒரு தடவை சொன்ன பிறகு அந்தத் தயக்கம் பாதி தீர்ந்தது. நகரம் முழுக்க மெர்சி ஏஞ்சல்ஸ் என்ற தன்னார்வலர் குழு சாதி மதம் பார்க்காமல் உடல்களை எடுத்து அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தது. பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். நோன்பு மாதத்தில், அந்த வெயிலில், பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு.

ஒரு மகள் ராத்திரி எனக்குப் போன் செய்தாள். அம்மா ஐசியுவில், அவஸ்தை பூசச் சாமியார் உள்ளே போக முடியாது. "எண்ணெய் பூசாம போனா என்ன ஆகும் அக்கா?" என்று கேட்டாள். எனக்கு நல்லவேளையாக ஒரு விஷயம் தெரிந்திருந்தது. 2020 மார்ச் 20-ஆம் தேதி வத்திக்கான் ஒரு ஆணை வெளியிட்டது. மரண நேரத்தில் குருவும் எண்ணெயும் கிடைக்காதவருக்கு, நல்ல மனதோடு வாழ்நாளில் ஏதாவது ஜெபம் சொல்லி வந்திருந்தால், பரிபூரண பலன் உண்டு. வழக்கமான நிபந்தனைகளைத் திருச்சபையே ஈடுசெய்யும் என்று. அவளிடம் அதைச் சொன்னேன். "உங்கம்மா ஜெபமாலை சொல்லாத நாள் உண்டாடி?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "டிவி சீரியல் நேரத்துல சொல்லுவாங்க" என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். நோயாளியைக் கவனிக்கிற தன்னார்வலர் எவருக்கும் அந்தந்த மதத்தில் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். குரான் ஓதிப் போனில் கேட்கவைக்கலாமா, துளசித் தண்ணீருக்குப் பதில் என்ன செய்யலாம் என்று அந்தந்தக் குருமார்களிடம் முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் கேட்க ஆள் கிடைக்காது.

ஊசி வந்தது 2021 ஜனவரி 16-ல், முதலில் சுகாதாரப் பணியாளர்களான எங்களுக்கு. மார்ச்சில் அறுபது தாண்டியவர்களுக்கும் ஏப்ரலில் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். மர்பி டவுனில் அடுத்த வாரம் யாரும் வரவில்லை. பெங்களூர்க்காரர்கள்தான், ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு ஓடுவது தமிழ்ப் படம். அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை, தற்செயல் என்று அரசின் நிபுணர் குழு அக்டோபரில் சொன்னது. ஏப்ரலில் என்னிடம் அந்த அறிக்கை இல்லையே. வாதாடவில்லை. போட்டுக்கொண்ட எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம், அவ்வளவுதான். 'கை வலிச்சுது, ஒரு நாள் காய்ச்சல், அப்புறம் பிரியாணி சாப்ட்டேன்' என்று தாத்தா சொன்னதைக் கேட்டு நாலு பேர் வந்தார்கள். ஊசிக்கான கோவின் இணையப் பதிவு முதலில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஒரு போன் எண்ணில் அப்போது நாலு பேரைப் பதிய முடிந்ததால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிள்ளையை நியமித்தோம்.

டிபி பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன் என்பதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 2019-ல் பதிவான டிபி நோயாளிகள் 24 லட்சம், 2020-ல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. அந்த ஆறு லட்சம் பேரும் மாஸ்க்குக்குப் பின்னால் இருமிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். 'கொரோனாவா இருக்குமோ' என்று பயந்தே பரிசோதனைக்குப் போகாதவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. 2020 ஜூலையில், வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் மாதம் 12,000 ரூபாய் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம், ஆனால் டிபி மாத்திரை கொண்டு வருகிறவர்களும் அவர்கள்தான். அப்போது எங்கள் தன்னார்வலர்கள் இரண்டு பேர் சுகாதார நிலையத்தில் கேட்டு மாத்திரை அட்டைகளை வாங்கி வந்து, நோயாளி விழுங்குவதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவு, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கொரோனா நெகட்டிவ் என்று வந்தாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.

கோயில் திறந்த பிறகும் மேஜையை உடனே போடவில்லை. திரும்பப் போட்டபோது இடத்தை மாற்றினோம், காம்பவுண்டுக்குள்ளே இல்லை, வெளியே தெருவோரம். நாளையும் புதன்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினோம். பூசைக்கு வராதவர்கள் பலர் கேட்டைத் தாண்டத் தயங்கியது அதுவரை எங்களுக்கு உறைக்கவில்லை என்று சாமியாரே சொன்னார். 2023-ல் பெங்களூரில் அரசின் 'நம்ம கிளினிக்'குகள் திறந்த பிறகு மருந்துக்கு ஜனங்கள் அங்கே போகிறார்கள், எங்களிடம் வருவது அளவு பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளத்தான். நோட்டு இப்போது இரண்டு பிரதி. ஒன்று என்னிடம், ஒன்று மூன்றாவது தெருவில் பி.யு.சி. படிக்கும் ஒரு பெண்ணிடம். மாதம் ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று தெருவே சொல்கிறது, எனக்கும் அதில் வருத்தம் இல்லை.